கிணற்று நீரிற் கரந்துறையும் ஆவிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மாத்திரம் நீரோடும் வழுக்கியாற்றை ஆறென்று அழைத்து மனந்தேறுகின்றோம். நாம் குடிப்பதும், குளிப்பதும், தோட்டத்திற்கு இறைப்பதும் கிணற்று நீரே. அக்கிணறுகளுக்கு நீரூட்டுவது நம் காலடியிற் கிடக்கும் சுண்ணாம்புக்கற் படையாகும். மயோசீன் காலத்திற் கடலடியிற் படிந்த இப்பாறை, மழைநீரிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டினால் நெடுங்காலம் அரிக்கப்பட்டு, வெடிப்பும் புழையும் குகையுமாய் அமைந்துவிட்டது. அதன்மேற் பரந்துள்ள மண்ணோ பல இடங்களிற் சில அடி ஆழமே உடையது. ஆதலின் நிலத்தின்மீது சிந்தப்படுவது எதுவாயினும், மணற்பாங்கான நாடுகளிற்போல மெல்ல மெல்ல வடிந்து தூய்மையுறுவதற்கு வேண்டிய அவகாசமின்றி, வெடிப்பின் வழியே இறங்கிக் கிணற்றை அடைந்துவிடுதல் கூடும்.

மலக்குழியிலிருந்து வரும் கிருமிகள், தோட்டத்து உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று, கடற்பக்கமிருந்து ஏறும் உவர் என்னும் மூன்றும் நம் கிணறுகளுக்குப் பகை என்பதை ஊரார் நன்கறிவர். நான்காவது பகை ஒன்று உண்டு. அதனைப் பற்றிப் பேசுவார் சிலர். அறிந்து பேசுவார் அவரினும் சிலர். ஆவிப்பறப்புள்ள சேதனச் சேர்வைகள் என இரசாயன நூலார் கூறும் பொருட்கூட்டமே அது.

பெயர் நீண்டதாயினும் பொருள் நமக்குப் புதியதன்று. பெற்றோல் நிரப்பும் நிலையத்தில் மூக்கைத் துளைக்கும் மணம், பூச்சு வேலைக்காரர் தூரிகை கழுவும் தின்னரின் மணம், உலர்சலவை செய்து வந்த உடுப்பின் மணம் ஆகிய யாவும் இவற்றின் மணங்களே. காபனை அடிப்படையாகக் கொண்ட சிறு மூலக்கூறுகளாதலின் இவை சாதாரண வெப்பநிலையிலேயே திரவ நிலையை விட்டு ஆவியாய்ப் பறக்கும் இயல்பின. இவற்றை இரு குலமாகக் கொள்ளலாம். எண்ணெயிலிருந்து பிறக்கும் பென்சீன், தொலுயீன், சைலீன் முதலியன ஒரு குலம். இயந்திர உறுப்புக்களிற் பிடித்த கிறீசைக் கழுவவும், உடுப்புக்களை நீரின்றி வெளுக்கவும் பயன்படும் முக்குளோரோ எதிலீன், நாற்குளோரோ எதிலீன் முதலிய குளோரீன் ஏறிய சேர்வைகள் மற்றொரு குலம். முன்னையவை நீரினும் இலேசானவை, நீர்மட்டத்தின்மேல் மிதப்பன. பின்னையவை நீரினும் பாரமானவை. முக்குளோரோ எதிலீனின் அடர்த்தி நீரினதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆகவே அது நீர்மட்டத்தில் நில்லாது, பாறை வெடிப்புக்களினூடே அடியாழம் வரை இறங்கி, அங்கே குட்டையாகத் தேங்கி, பல்லாண்டுகள் சிறிது சிறிதாய்க் கரைந்துகொண்டிருக்கும்.

பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய், சிறப்பாக இரத்தப் புற்றுநோய், விளைப்பது என்பது ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டப்பட்ட உண்மை. முக்குளோரோ எதிலீனையும் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012ஆம் ஆண்டில் அதே முதல் வகுப்பிற் சேர்த்தது. குடிநீரில் பென்சீன் இலீற்றருக்கு 10 மைக்கிரோகிராமிற்கு மேற்படலாகாதென உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வரம்பு 5 மைக்கிரோகிராம். ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும்.

இவ்வளவு சிறிய அளவைக் கண்ணாற் காண்பது எங்ஙனம்? காணவியலாது. இங்கேதான் நம்மவருட் பலர் கொண்டிருக்கும் ஓர் எண்ணம் திருத்தப்படல் வேண்டும்.

2014ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2015ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் சுன்னாகமும் அதன் சுற்றுப்புறமும் பட்ட அல்லலை வாசகர் மறந்திரார். கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. நீரில் எண்ணெய் நாற்றம் வீசிற்று. அனல் மின்னிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தினுட் சென்றதே காரணமென மக்கள் முறையிட்டனர். கிணறு நிறைய நீர் இருக்கவும், பவுசர் வண்டியின் வரவை எதிர்நோக்கிக் கலனும் கையுமாய்க் காத்துநிற்கும் நிலை உண்டாயிற்று. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மின்னிலையத்தை நடாத்திய கம்பெனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தல் வேண்டுமென 2019 ஏப்பிரலில் அம்மன்று தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான பொருளையும் இறுத்தல் வேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டு நிலத்தடி நீருக்கு அன்று பொருந்துவதாயிற்று.

அந்நாட்களில் எல்லோர் வாயிலும் அடிபட்ட அளவு ‘எண்ணெயும் கிறீசும்’ என்பதாகும். இவ்வளவைப் பெறும் முறையை மாணவர் அறிதல் நன்று. கிணற்று நீரின் மாதிரியுடன் எட்சேன் என்னும் கரைப்பானைச் சேர்த்துக் குலுக்குவர். எண்ணெய்ப் பொருள்கள் நீரை விட்டு எட்சேனிற் சேரும். பின்னர் எட்சேன் படையைப் பிரித்தெடுத்து, இளஞ்சூட்டில் ஆவியாக்கிவிட்டு, பாத்திரத்தின் அடியில் எஞ்சியதை நிறுப்பர். எட்சேன் கொதிப்பது சதம அளவில் 69 பாகையில். பென்சீன் கொதிப்பது 80 பாகையில். எட்சேனைப் போக்கும்போது பென்சீனும் உடன்போய்விடும் என்பது சொல்லாமலே விளங்கும். நிறுக்கப்படுவது எஞ்சி நின்றது. பறந்து போனது கணக்கில் வருவதில்லை. ஆகவே ‘எண்ணெயும் கிறீசும்’ வரம்பிற்குள் உள்ளன என்று ஒரு பத்திரம் கூறுமாயின், அதைக் கொண்டு பென்சீன் இல்லையென்று முடிவுகட்டல் தவறு. வரம்பை மீறியுள்ளன என்று கூறுமாயினும், அதைக் கொண்டு பென்சீன் உண்டென்று முடிவுகட்டலும் தவறு.

நடுநிலை பிறழாது இன்னொன்றும் கூறல் வேண்டும். மின்னிலையங்களில் எரிக்கப்படும் கனத்த எண்ணெயில் பென்சீன் முதலியவை சிறிதளவே இருக்கும். பெற்றோலிலேயே அவை மிகுதி. எனவே சுன்னாகத்துக் கிணறுகள் யாவும் பென்சீன் நிறைந்திருந்தன என்று உரைக்க யான் துணியேன். படலத்தைக் கண்டு அஞ்சிய நாம், படலம் இல்லாத கிணற்றைக் கண்டு அஞ்சாதிருப்பதே என் கவலை.

‘எண்ணெயும் நீரும் கலவா’ என்பது உலக வழக்கு. சமையலறைக்கு அது போதும். இரசாயன சாலைக்குப் போதாது. ஓர் இலீற்றர் நீரில் பென்சீன் ஏறத்தாழ 1.8 கிராம் வரை கரையும். கரைதிறன் அற்பமென்றே எவரும் கருதுவர். ஆயின் உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்போடு ஒப்பிட்டால், அவ்வற்பம் வரம்பினும் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் மடங்காகிறது. இன்னொரு கணக்கும் பார்க்கலாம். ஐரோப்பிய நாடுகளில் 2000ஆம் ஆண்டு தொடக்கம் பெற்றோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. அத்தகைய பெற்றோல் ஓர் இலீற்றரில் ஏறத்தாழ 7 கிராம் பென்சீன் இருத்தல் கூடும். இதனை 10 மைக்கிரோகிராம் என்னும் வரம்பிற்கு நீர்ப்பதற்கு ஏழு இலட்சம் இலீற்றர் நீர் வேண்டும். பத்து அடி விட்டமும் எட்டு அடி நீரும் உள்ள கிணறு ஏறத்தாழப் பதினெண்ணாயிரம் இலீற்றர் கொள்ளும். ஆகவே ஒரு போத்தற் பெற்றோல் முழுவதும் நீரை அடையுமானால், அத்தகைய கிணறுகள் நாற்பதை வரம்பின் விளிம்புவரை கொண்டு செல்லும். உண்மையில் அதிற் பெரும்பகுதி நிலத்தின்மேலேயே ஆவியாகிவிடும் என்பதையும் மறத்தலாகாது. ஆனால் நிலத்தின் கீழே புதைக்கப்பட்ட தாங்கி ஒழுகுமிடத்து, ஆவியாவதற்கு வழியேது?

இப்பொருள்கள் பறக்குந் தன்மையன என்பதே இவற்றை அளத்தலையும் கடினமாக்குகின்றது. வாளியால் அள்ளி, உயரத்திலிருந்து போத்தலில் ஊற்றி, அரைப்போத்தல் காற்றுடன் மூடி, வெய்யிலிற் சைக்கிளிற் கட்டிக்கொண்டு சென்ற மாதிரியில் பென்சீன் இல்லையென்று முடிவு வந்தால் வியப்பதற்கில்லை. முறையாக மாதிரி எடுப்போர் சிறு கண்ணாடிக் குப்பியை விளிம்பு ததும்ப மெல்ல நிரப்பி, காற்றுக்குமிழி ஒன்றேனும் இராதபடி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, உடனே பனிக்கட்டியில் வைப்பர். ஆய்வுகூடத்தில் அந்நீரினூடே தூய வாயுவைக் குமிழியாகச் செலுத்துவர். சேர்வைகள் நீரைவிட்டு வாயுவிலேறி வெளிவரும். அவற்றைப் பிடித்து, வாயுக் குரோமற்றோகிராபு என்னும் கருவியிற் பிரித்து அளப்பர். பறப்பதையே பொறியாக வைத்துப் பறப்பதைப் பிடிக்கும் இவ்வுபாயம் மிகவும் நேர்த்தியானது.

இக்கருவி பரவலாகப் பயன்படத் தொடங்கிய 1970ஆம் ஆண்டுகளிலேதான் உலகம் இப்பகையை இனங்கண்டது. ஒல்லாந்து தேசத்தின் றொட்டர்டாம் நகரக் குடிநீர்ச்சாலையிற் கடமையாற்றிய யொகானசு றூக் என்னும் இரசாயன அறிஞர், கிருமி கொல்வதற்காக இடப்படும் குளோரீன், நீரிலுள்ள மக்கிய தாவரப் பொருளுடன் கூடிக் குளோரோபோம் முதலியவற்றைத் தோற்றுவிக்கின்றது என்று 1974ஆம் ஆண்டில் வெளியிட்டார். நன்மருந்தே சிறிது நஞ்சும் பயக்கும் என்னும் இச்செய்தி பலரைத் திடுக்கிடச் செய்தது. அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டில் இத்தகைய சேர்வைகளுக்கு வரம்பு விதிக்கப்பட, ஊர்தோறும் குடிநீரைப் பரிசோதிக்கலாயினர்.

அப்பரிசோதனை ஓரிடத்தில் எதிர்பாராத ஒன்றை வெளிப்படுத்திற்று. வட கரோலினா மாநிலத்தில் லெசூன் முகாம் என்னும் கடற்படைவீரர் தளம் உண்டு. வீரர் மாத்திரமன்றி அவர்தம் மனைவி மக்களும் வாழும் பெரிய குடியிருப்பு அது. அங்கே 1980ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் குளோரோபோம் முதலியவற்றை அளக்க முயன்றபோது, வேறு ஏதோ பொருள்கள் குறுக்கிட்டு அளவையைக் குழப்பின. குறுக்கிட்டவை கழுவுகரைப்பான்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1982இல் ஒரு பகுதியின் குழாய்நீரில் முக்குளோரோ எதிலீன் இலீற்றருக்கு 1,400 மைக்கிரோகிராம் காணப்பட்டது. இன்று அந்நாட்டில் அனுமதிக்கப்படும் அளவு 5. முகாமின் மற்றொரு குடியிருப்பிற்கு நீர் வழங்கிய கிணறுகளிலே நாற்குளோரோ எதிலீன் இருந்தது. அது வந்த இடம் முகாமின் வேலிக்கு வெளியே இருந்த ஓர் உலர்சலவைக் கடை! பெருந்தொழிற்சாலை ஒன்றுமன்று, ஊர்க்கடை. கிணறுகளிற் பெரும்பாலானவை 1984, 1985ஆம் ஆண்டுகளில் மூடப்பட்டன. 1953 முதல் 1987 வரை அங்கு வாழ்ந்தோரும் அவர்தம் உறவினரும் நட்டஈடு கோரி வழக்கிடுவதற்கு வழிசெய்யும் சட்டம் 2022ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஐயப்பாட்டிற்கு முதற் குறி கிடைத்ததற்கும் கிணறு மூடப்பட்டதற்கும் இடையே சென்ற நாலைந்து ஆண்டுகளை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கின்றது. அத்தனை காலமும் குழந்தைகள் அந்நீரையே குடித்தன.

இனி, நீரிலிருந்து இவற்றை நீக்குமாறு எங்ஙனம் என்பதைப் பார்ப்போம்.

நம் இல்லங்களிற் கையாளப்படும் முறைகள் இதற்கு உதவா என்பதை முதலிற் கூறிவிடுகிறேன். துணியில் வடித்தாலும், மட்பாண்ட வடியில் வடித்தாலும், கரைந்த பொருள் நீருடன் கூடவே வரும். படிகாரம் கலங்கலைத் தெளிவிக்கும், கரைந்ததைத் தொடாது. கிணற்றுக்கு இடும் குளோரீன் கிருமியைக் கொல்லும். பென்சீனை ஒன்றுஞ் செய்யாது. றூக் கண்டதைக் கேள்வியுற்றுக் குளோரீன் இடுவதையே நிறுத்திவிடலாம் என்று எவரேனும் எண்ணுவராயின் அது பெரும்பிழை. மலக்குழியும் கிணறும் அருகருகே உள்ள நம் வளவுகளில், வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் குளோரோபோமை விடப் பன்மடங்கு அண்மையிலுள்ள ஆபத்துக்கள். கொதிக்கவைத்தல் ஒன்றே சிறிது பயன் தருவது போற் தோன்றும். கொதிக்கும் நீரிலிருந்து இவ்வாவிகள் பெரும்பாலும் போய்விடுதல் உண்மையே. போவது எங்கே? அடுப்படியில் நிற்பவருடைய மூச்சினுள். அறை அடைத்த சமையற்கட்டில், கெடுதியைத் தொண்டையிலிருந்து நுரையீரலுக்கு மாற்றுவதன்றி வேறு பயனில்லை. மாசுற்ற நீரில் வெந்நீர்க் குளியல் செய்வோருக்கும் இதுவே நிகழும். குடிப்பதால் உட்செல்வதற்கு ஒப்பான அளவு குளிக்கும் அறையிற் சுவாசத்தால் உட்செல்லக்கூடும் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். பவுசர் நீரைக் குடிப்பதற்கு வைத்துக்கொண்டு, கிணற்று நீரைக் குளிப்பதற்கு ஏற்றதென்று கருதும் வழக்கம் இவ்வகையில் முழுப்பாதுகாப்பன்று.

ஆயினும் கொதிக்கவைத்தலிலே ஒரு குறிப்பு உள்ளது. பறக்குந் தன்மையே இவற்றின் பலவீனம். மான்செஸ்ரர் நகரத்து வில்லியம் என்றி 1803ஆம் ஆண்டில் உரைத்த விதியை உயர்வகுப்பு மாணவர் படித்திருப்பர். ஒரு வாயு நீரிற் கரையும் அளவு, அந்நீரின்மேல் அவ்வாயு செலுத்தும் அமுக்கத்திற்கு விகிதசமமாகும். சோடாப் போத்தலைத் திறந்தவுடன் குமிழி எழுவது இதனாலேயே. மேலேயுள்ள அமுக்கம் நீங்கியதும், உள்ளே கரைந்திருந்த வாயு வெளியேறுகிறது. பென்சீன் கரைந்த நீரின்மேல் பென்சீன் சிறிதும் இல்லாத புதுக்காற்றை ஓயாது செலுத்துவோமாயின், சமநிலையைத் தேடிப் பென்சீன் நீரைவிட்டுக் காற்றிற்குச் சென்றுகொண்டே இருக்கும். 25 பாகை வெப்பநிலையில், ஒரே பருமனுள்ள காற்றையும் நீரையும் ஒன்றாய் அடைத்துக் குலுக்கினால், நீரில் 100 பங்கு பென்சீன் நிற்கக் காற்றில் ஏறத்தாழ 22 பங்கு நிற்கும். முக்குளோரோ எதிலீனாயின் காற்றில் 40 பங்கு. ஒருமுறை குலுக்குவதாற் பெரும்பயனில்லை. ஒவ்வொரு முறையும் புதுக்காற்றைக் கொண்டு பத்துமுறை குலுக்கினாற் பென்சீன் ஏழில் ஒரு பங்காகக் குறையும்.

கையால் ஆற்றும் இக்குலுக்கலை ஓயாது நிகழ்த்தும் சாதனமே காற்றுவழி நீக்குங் கோபுரம். இருபது முப்பது அடி உயரமுள்ள உருளை ஒன்றினுள்ளே பிளாத்திக்கு வளையங்களை நிரப்பியிருப்பர். மேலிருந்து நீர் அவ்வளையங்களின்மீது மெல்லிய படலமாய் வழிந்து இறங்கும். கீழிருந்து விசிறியால் ஊதப்படும் காற்று, நீரின் பருமனிலும் இருபது முப்பது மடங்கு, எதிர்முகமாய் ஏறும். கீழே வந்துசேரும் நீர் மிகத் தூய காற்றையே சந்திப்பதால், எஞ்சிய சிறு பங்கையும் அதனிடம் இழக்கிறது. செவ்வனே அமைத்த கோபுரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கையும் நீக்கவல்லது. வெப்பநிலை கூடக்கூட ஆவிப்பறப்பும் கூடுமாதலின், குளிர்நாட்டாரைவிட நமக்கு இவ்விடயத்தில் இயற்கை அனுகூலம் உண்டு.

ஆனால் இயற்கை ஒரு கையாற் கொடுத்ததை மறுகையால் எடுத்துக்கொள்கிறது. நம் நீர் வன்னீர். அதில் கல்சியம் இருகாபனேற்றாய்க் கரைந்துள்ளது. கோபுரத்தில் ஊதும் காற்று, பென்சீனைப் போலவே காபனீரொட்சைட்டையும் நீரிலிருந்து பறித்துச் செல்லும். அது போனதும் கரைந்திருந்த கல்சியம், கல்சியங் காபனேற்றாய்ப் படியும். நம் கேத்தலின் அடியில் வெண்மையாய்ப் படியும் அதே சுண்ணாம்புதான் வளையங்களின்மீதும் படிந்து, நாளடைவில் கோபுரத்தையே அடைத்துவிடும். இடையிடையே அமிலத்தாற் கழுவ வேண்டும். வேறு தேசத்துக் கோபுரத்தின் படத்தைப் பார்த்து அப்படியே இங்கு கட்டுவிக்க முனைவோர் இதனை முன்னரே கணக்கிடுதல் நன்று. அன்றியும் கோபுரத்தின் உச்சியால் வெளியேறும் காற்று இப்பொழுது மாசுடைய காற்று. அதனையும் கரிப்படுக்கை ஒன்றினூடே விடாவிட்டால், அயலவரின் கிணற்றைக் காத்து அயலவரின் மூச்சைக் கெடுத்தவராவோம்.

கரியென்றதும் நம் நாட்டுப் பொருளொன்று நினைவிற்கு வருகிறது. தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப்படாமற் சுட்டுக் கரியாக்கி, அக்கரியை மிகுந்த சூட்டில் நீராவிக்கு உட்படுத்தினால், அதனுள்ளே எண்ணிறந்த நுண்துளைகள் உண்டாகும். உயிர்ப்பூட்டிய கரி என்று அதனைக் கூறுவர். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு மாத்திரம் ஆயிரம் சதுர மீற்றர் அளவினதாய் இருத்தல் கூடும். அப்பரப்பிலே சேதனச் சேர்வைகள் ஒட்டிக்கொள்ளும். இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். முதலாம் உலக யுத்தத்தில் நச்சுவாயு முகமூடிகளினுள்ளே போர்வீரரைக் காத்தது இச்சிரட்டைக் கரியே. இன்று இலங்கை இக்கரியைப் பல தேசங்களுக்கு ஏற்றுமதி செய்கின்றது. அந்நிய நகரங்களின் குடிநீர் நம் தென்னஞ்சிரட்டையினூடே தூய்மையுறுகையில், நம் ஊர்க் கிணற்றருகே ஒரு கரிப்படுக்கையைக் காண்டல் அரிதாயிருப்பது எண்ணிப் பார்க்கற்பாலது.

பென்சீன், முக்குளோரோ எதிலீன், நாற்குளோரோ எதிலீன் ஆகியவற்றைக் கரி நன்கு பற்றும். வைனைல் குளோரைட்டு போன்ற மிகச் சிறிய மூலக்கூறுகளை அவ்வளவாகப் பற்றாது. அவற்றுக்குக் கோபுரமே ஏற்றது. இரண்டிற்கும் எளிதில் வசப்படாத பொருளும் உண்டு. ஈயத்திற்குப் பதிலாக அமெரிக்காவிற் பெற்றோலில் மிகுதியாகச் சேர்க்கப்பட்ட மெதயில் மூன்றாம்நிலை பியூற்றயில் ஈதர் அத்தகையது. நீரிற் பெரிதும் கரைவது. நீரைவிட்டுக் காற்றிற்கு எளிதில் ஏறாதது. 1996ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் சாந்த மொனிக்கா நகரம் தன் குடிநீரில் ஏறத்தாழப் பாதியை வழங்கிய கிணறுகளை இதன் பொருட்டே மூடவேண்டியதாயிற்று.

கரிக்கு ஒரு குறை உண்டு. துளைகள் நிரம்பியபின் அது பற்றாது. நிரம்பிவிட்டதென்று அறிவிக்கவும் மாட்டாது. நீர் முன்போலவே தெளிவாய் வரும். மாசும் கூடவே வரும். கடையில் விற்கும் சிறு கரிவடிகளை வாங்கிப் பொருத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் மாற்றாதிருப்போர் வடி இல்லாதவரினும் ஆபத்தான நிலையிலுள்ளனர். இவர் நம்பிக்கையோடு குடிக்கின்றனர் அல்லவா? ஊர்ச்சபையோ பாடசாலையோ பெருங்கரிப்படுக்கை அமைப்பதாயின், இரண்டு படுக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாய் வைத்து, முதலாவதன் பின்னே வரும் நீரை ஒழுங்காய்ப் பரிசோதித்து, அது நிரம்பியதும் மாற்றுவதே முறை. கரியின் விலையைவிட, அதனை மாற்றுவதற்குப் பொறுப்பான ஒருவரை நியமிப்பதே கடினம் என்பது என் துணிபு.

மண்ணிலுள்ள பற்றீரியாக்களும் இத்தொழிலைச் செய்யவல்லன. பென்சீனை உணவாகக் கொண்டு, ஒட்சிசனின் உதவியால் அதனைக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடும் இனங்கள் பல உள. ஆயின் ஒரு கிராம் பென்சீனை எரிப்பதற்கு மூன்று கிராம் ஒட்சிசன் வேண்டும். நம் வெப்பநிலையில் ஓர் இலீற்றர் நீர் காற்றிலிருந்து கரைத்துக்கொள்ளும் ஒட்சிசன் 8 மில்லிகிராம் அளவினதே. எண்ணெய் இறங்கிய இடத்தில் அது விரைவில் தீர்ந்துபோகும்; பற்றீரியாக்களின் வேலையும் மந்தமாகும். குளோரீன் குலத்தின் நிலை இன்னும் சிக்கலானது. ஒட்சிசன் அற்ற நிலத்தில் சில நுண்ணங்கிகள் முக்குளோரோ எதிலீனின் குளோரீன்களை ஒவ்வொன்றாய் நீக்குகின்றன. இறுதிவரை சென்றால் நன்மை. இடையில் நின்றுவிட்டால் எஞ்சுவது வைனைல் குளோரைட்டு. அது முன்னதினும் கொடியது.

பிறநாடுகளில் மாசுற்ற நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்கில் இறைத்திறைத்துக் கோபுரத்தினூடும் கரியினூடும் செலுத்தித் தூய்மையாக்குகின்றனர். நாமும் அவ்வாறு செய்யலாமே என்று கேட்கலாம். நம் குடாநாட்டின் நன்னீர், கடல்நீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்பது. நன்னீர் மட்டம் கடன்மட்டத்திற்கு மேலே ஓர் அடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மட்டம் ஓர் அடி தாழுமாறு இறைத்தால் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி எழும்ப முயலும். நவக்கிரியின் நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருப்பதை நாமெல்லாம் கேள்வியுற்றுள்ளோம். பென்சீனை அகற்றப் பேரியந்திரங் கொண்டு இறைத்து, கிணற்றையே உப்பாக்கி விடுதல் இங்கே நிகழக்கூடிய காரியம். பென்சீனுக்குக் கோபுரம் உண்டு, கரி உண்டு. உவருக்கு அத்தகைய எளிய மருந்தில்லை. ஆகவே இங்கு இறைப்பதாயின் பல கிணறுகளிலிருந்து சிறிது சிறிதாய் இறைத்து, மட்டத்தை நாடோறும் அளந்து, சுத்தி செய்த நீரை மீண்டும் நிலத்திற்கே ஊட்டல் வேண்டும். செலவும் காலமும் அதற்கேற்ப மிகும்.

வருமுன் காத்தற்குரிய இடங்கள் எவையென்று கேட்டால், நம் தெருக்களில் நடந்து பார்த்தாலே போதும். பெற்றோல் நிலையங்களின் நிலத்தடித் தாங்கிகள் இரட்டைச் சுவருடையனவாய் இருத்தல் வேண்டும். இரு சுவர்க்கும் இடையே ஒழுக்கைக் காட்டும் கருவி இருத்தல் வேண்டும். தாங்கியைச் சூழ நாலைந்து சிறு குழாய்களை நிலத்தடி நீர்வரை இறக்கிவைத்து, மாதந்தோறும் மாதிரி எடுத்தல் பிறநாடுகளில் வழக்கம். வாகனம் திருத்தும் இடங்களில், என்சின் எண்ணெயையும் கழுவுந் தின்னரையும் மண்ணில் ஊற்றாது பீப்பாயிற் சேர்த்தல் வேண்டும். தளம் சீமெந்திட்டதாய், சரிந்து ஒரு குழியில் வடிவதாய் இருத்தல் வேண்டும். பாழடைந்த கிணற்றைக் குப்பைக்குழியாகவும் எண்ணெய்க்குழியாகவும் பயன்படுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அக்கிணறு அடுத்த வளவுக் கிணற்றுடன் பாறை வெடிப்பினால் இணைந்திருக்கிறதென்பதை அதனுள் ஊற்றுபவர் அறிவதில்லை.

இம்மலரைக் கையிற் கொண்டிருக்கும் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், வைத்தியர் உளர், உள்ளூராட்சி மன்றங்களில் இருப்போரும் உளர். இரசாயன சாலையில் இன்று பயிலும் மாணவர் தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தையும், அதற்கு அண்மையிலுள்ள பெற்றோல் நிலையம், திருத்துமிடம், சலவைக்கடை ஆகியவற்றின் தூரத்தையும் குறித்து ஒரு படம் வரைவாராயின், மாதிரி எடுக்கவேண்டிய கிணறுகள் எவையென்பது அப்படத்திலிருந்தே தெரியவரும். அதற்குக் குரோமற்றோகிராபு வேண்டியதில்லை. ஓர் அளவு நாடாவும், ஒரு கயிறும், சனிக்கிழமைகள் சிலவும் போதும்.